வெற்றுக் கார்டோடு வராதீர்கள்

லண்டனின் மோர்டன், மிட்சம், டூட்டிங் பக்கமிருந்து தூக்க மூச்சுத்தடைக்காக வரும் நம்மவர்களிடம் ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாஸ்க் வழியே காற்றைத் தள்ளி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சீபாப் மிசினோடு நாலைந்து வருடம் படுத்திருப்பார்கள். அந்த வருடங்களைக் காட்ட கையில் எதுவும் இருக்காது. பழைய மிசினைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே இருந்த மெமரி கார்டும் போய்விட்டது. ஃபோனை மாற்றியதும் மிசினுக்கான ஆப்பின் கடவுச்சொல் மறந்துவிட்டது. கார்டைக் கழற்றி மகனின் கமராவில் போட்டு ஃபோர்மட் செய்தவர்களும் உண்டு. "நித்திரை எப்படி?" என்றால், "பரவாயில்லை டொக்டர்" என்பார்கள். அந்தப் 'பரவாயில்லை'யை வைத்துக்கொண்டு காற்றழுத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

பழைய கணக்கு எதற்கு?

நேற்றிரவு எப்படிப் போனது என்று ஆப்பே சொல்லிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் எப்படி இருந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். மணிக்கு எத்தனை தடவை மூச்சுத் தடைப்படுகிறது என்ற எண் 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் நடுத்தர நோய். 30-ஐத் தாண்டினால் கடுமை. வெகுகாலம் 2-இல் நின்றவருக்கு அது திடீரென 9 ஆனால் காரணம் தேட வேண்டும். எடை கூடியிருக்கலாம், மாஸ்க்கின் சிலிக்கோன் தேய்ந்து காற்று கசியலாம். இதயம் தளர்ந்தவர்களுக்கும் மோர்ஃபின் வகை வலிமருந்து எடுப்பவர்களுக்கும் தொண்டை அடைபடாமலே மூச்சு நின்று போவதுண்டு. அதற்கு வைத்தியமே வேறு. எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் பாதி வழி கடந்த மாதிரி.

நீங்கள் நம்புவதும் உண்மையும்

*"எல்லாம் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்."* மோடம் உள்ள மிசின் அனுப்புவது பெரும்பாலும் சுருக்கம்தான்: எத்தனை மணி நேரம், எவ்வளவு கசிவு, எத்தனை தடை. ஒவ்வொரு மூச்சின் அலைக்கோடும் கார்டில்தான் பதிகிறது. கார்ட் இல்லாமல் ஓடிய இரவின் அலைக்கோட்டைப் பிறகு எங்கிருந்தும் மீட்க முடியாது. மோடமும் நிரந்தரமல்ல. இங்கே வோடபோனும் ஈஈயும் 2024-இல் 3ஜி சேவையை நிறுத்திவிட்டன; அந்த 3ஜியை நம்பிய மோடத்துக்கு அது சிக்கல்.

*"எனக்கு ஆப்பில் 95 புள்ளி."* ரெஸ்மெட்டின் மைஏர் ஆப் 100-க்குப் புள்ளி போடுகிறது. அதில் 70 வெறுமனே எத்தனை மணி நேரம் போட்டிருந்தீர்கள் என்பதற்கு, 20 மாஸ்க் பொருந்தியதற்கு. மூச்சுத் தடைக்கு வெறும் 5. மூச்சு நின்று நின்று வந்தாலும் 95 எடுத்துவிடலாம். அதை வட்ஸ்அப் குழுவில் போட்டு வாழ்த்து வாங்குவதில் அர்த்தமில்லை.

*"புது மிசினுக்குப் பழையது தானாக வந்துவிடும்."* வராது. 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் ட்ரீம்ஸ்டேஷன் மிசின்களை, உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்று சொல்லித் திரும்ப அழைத்தது. வேறு நிறுவனத்தின் மிசினுக்கு மாறியவர்களின் பழைய இரவுகள் புது நிறுவனத்தின் ஆப்பில் தெரியாது. கார்டைப் பிரதி எடுத்து வைத்தவர்களுக்கு மட்டும் பழைய கணக்கு மிஞ்சியது.

*"நான் பகலில் படுக்கிறேன், அதனால் கணக்குப் பிழை."* பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை செய்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல மிசின்களுக்கு ஒரு நாள் என்பது நண்பகல் முதல் நண்பகல் வரை. காலை 8 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழுந்தால் ஒரே நித்திரை இரண்டு நாளாகப் பிரிந்துவிடும். வேலை நேரத்தைக் குறித்து வந்து சொல்லுங்கள். அதற்காக மிசினை மூலையில் வைக்காதீர்கள்.

*"யூடியூப் பார்த்து அழுத்தத்தை நானே மாற்றினேன்."* தயவுசெய்து வேண்டாம். என்ன மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்பது உங்களுக்கே நினைவில்லாதபோது நான் எதை ஒப்பிடுவது?

சாரதிகளே, கேளுங்கள்

நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையோடு பகல் தூக்கமும் இருந்தால் ஓட்டுநர் உரிமம் வழங்கும் டிவிஎல்ஏவுக்கு அறிவிக்க வேண்டும்; கட்டுப்பாட்டுக்குள் வரும்வரை வாகனம் ஓட்டக் கூடாது. அறிவிக்காவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். கார் ஓட்டுபவருக்குக் குறைந்தது 3 வருடத்துக்கு ஒருமுறை மீளாய்வு. இரண்டாவது வகையான பஸ், லொறி ஓட்டுபவருக்கு வருடாவருடம். லண்டனில் மினிகேப் ஓட்டுபவர்களையும் நகரப் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் அந்த இரண்டாவது வகை மருத்துவத் தரத்திலேயே வைக்கிறது. மிசினை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்பதற்கு அப்போது பேசப்போவது உங்கள் பதிவு. "லைசன்ஸ் போய்விடும்" என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். சிகிச்சை பலிக்கிறது என்று காட்டினால் ஓட்டலாம். காட்ட எதுவும் இல்லாதவருக்குத்தான் சிக்கல்.

கைவைத்தியம் வேண்டாம்

குறட்டைக்குத் தேனும் இஞ்சியும் குடிப்பது தொண்டைக்கு இதம், அடைப்பைத் திறக்காது. மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சி தரலாம். அடுத்த வீட்டு அக்காவின் நித்திரைக் குளிசையும் படுக்கப்போகும்போது ஒரு பெக் விஸ்கியும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். ஓசோன் பெட்டியில் மிசினைச் சுத்தம் செய்யாதீர்கள். நுரை உதிர்வதை அது கூட்டலாம் என்று பிலிப்ஸே எச்சரித்தது. மிசின் பக்கத்தில் சாம்பிராணி போட்டால் புகை வடிகட்டிக்குப் போகும், அங்கிருந்து உங்களுக்குள்.

பரிசோதனை

மூச்சுத்தடை இருக்குமோ என்று சந்தேகித்தும் இன்னும் பரிசோதிக்காதவர்கள், வீட்டிலேயே ஓரிரவு விரலிலும் மூக்கிலும் கருவி மாட்டிப் படுக்க வேண்டும்; அதற்குக் குடும்ப வைத்தியரிடம் (ஜிபி) கேளுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது

மாதம் ஒருமுறை, மிசினை நிறுத்திய பிறகு கார்டை எடுங்கள். கணினியில் போடுமுன் ஓரத்திலுள்ள சிறு பூட்டைத் தள்ளிப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் சொந்தக் கோப்புகளை அதில் எழுதிவிடும், மிசின் பிறகு கார்டை மறுக்கலாம். உள்ளே இருக்கும் அனைத்தையும் அப்படியே, ஒரு கோப்புக்கும் பெயர் மாற்றாமல், அன்றைய தேதியிட்ட ஃபோல்டரில் பிரதி எடுங்கள். திரும்பப் போடுமுன் பூட்டைத் திறக்க மறக்காதீர்கள்.

ஒரு பிரதி கணினியில், இன்னொன்று வெளி டிஸ்க்கில். இடம் நிறைந்தால் மிசின் பழையதை அழித்துப் புதியதை எழுதலாம். ஆகவே கார்டை மட்டும் நம்பாதீர்கள். ஆஸ்கார் என்ற இலவச மென்பொருள் பல நிறுவனங்களின் கார்டுகளையும் திறந்து வருடக்கணக்கான வரைபடம் காட்டும். பார்ப்பதற்கும் எனக்குக் காட்டுவதற்கும் அது நல்லது; நீங்களே அழுத்தத்தை மாற்றுவதற்கு அல்ல. கூடவே ஒரு கொப்பியில் மாஸ்க் மாற்றிய நாள், புது மருந்து, எடை இவற்றை எழுதுங்கள்.

அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் தரும் மிசின் இரவல்தான், திருப்பிக் கொடுக்க வேண்டியது. கொடுக்குமுன் கார்டைப் பிரதி எடுங்கள். ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றி உள்ள பதிவின் பிரதியை எழுதிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. பொதுவாக இலவசம், வழமையாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஒரு மன்றாட்டு

யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ஒரு மாதம் போகும்போது, "பெட்டியில் இடமில்லை" என்று மிசினைக் கட்டிலுக்கடியில் விட்டுப் போகாதீர்கள். அது மருத்துவக் கருவி. கைப்பையோடு எடுத்துப்போக விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். அம்மா அப்பாவுக்குக் கணினி தெரியாதென்றால், பிள்ளைகளே, மாதத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி நீங்கள் அந்தக் கார்டைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். அடுத்த மீளாய்வுக்கு வரும்போது கார்ட், கொப்பி, மருந்துப் பட்டியல் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.