நான்கெழுத்துக் கடல்

உபாத்தியாயர்களுக்குப் பொடி போடும் வழக்கம் உண்டு என்று ஊரார் சொல்வார்கள். எனக்கு அந்த வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. சென்ற ஏழெட்டு வருஷங்களாக நாள்தோறும் ஓர் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிறேன். அமெரிக்காவில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை வெளியிடும் புதிர் அது. வாரத்தில் ஐந்து நாள், அவர்கள் ஊரில் இரவு 10 மணி அடித்ததும், மறுநாளைய புதிர் கைப்பேசியில் வந்துவிடுகிறது. நமக்கு அப்பொழுது காலை ஏழரை. குளிர்காலத்தில் அவர்கள் கடியாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவதால் எட்டரை ஆகிவிடும். அந்த மாதங்களில் நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியதும் உண்டு.

இந்தக் கட்டங்களின் பிறப்பைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். 1913-ம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, 'நியூயார்க் வொர்ல்ட்' என்ற பத்திரிகையின் வேடிக்கைப் பகுதியில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவமாக ஒரு புதிரை அமைத்து வெளியிட்டார். அவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தவர். அவர் இட்ட பெயர் 'சொல்-குறுக்கு' என்று பொருள்படும். சில வாரங்களுக்குள் அச்சுக்கோப்பவர் கை தவறி அது முன்பின்னாக மாறிக் 'குறுக்கு-சொல்' ஆயிற்று. அந்தப் பிழையே உலகமெங்கும் நிலைத்துவிட்டது. முதற் புதிரிலேயே ரஷ்யாவில் ஓடும் ஒரு நதியின் பெயரைக் கேட்டிருந்தார், விடை, நேவா. கோமூட்டி என்னும் பனையின் நாருக்கு என்ன பெயர் என்றும் கேட்டிருந்தார், விடை, 'டோ'. நியூயார்க்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகாரம் தின்றுகொண்டு பத்திரிகை பார்க்கிறவனுக்குக் கோமூட்டிப் பனையின் நாரைப் பற்றி என்ன கவலை? ஆயினும் அவன் அதைத் தேடிக் கண்டுபிடித்தான். அன்று பிடித்த பைத்தியம்தான் இது.

1924-ம் வருஷத்தில் சைமன், ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் புதிர்களை ஒரு புத்தகமாகத் தொகுத்து, அதில் ஒரு பென்சிலையும் சேர்த்து விற்றார்கள். நாடே கட்டம் போட ஆரம்பித்துவிட்டது. அவ்வருஷமே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, இது காலத்தைப் பாழாக்கும் பாவகாரியம் என்ற தோரணையில் கடிந்து எழுதிற்று. பதினெட்டு வருஷங்களுக்குப் பின், யுத்தச் செய்திகளால் ஜனங்களின் மனம் கலங்கியிருந்த சமயத்தில், 1942 பிப்ரவரி 15-ந் தேதி அந்தப் பத்திரிகையே தன் ஞாயிறு மலரில் புதிர் வெளியிட்டது. 1950 முதல் தினந்தோறும் வெளியிடுகிறது. பெரிய மனிதர்கள் பலர் இப்படித்தான்.

இங்கிலீஷ்காரர்களின் புதிர் வேறு ஜாதி. அதில் எழுத்துக்களைக் கலைத்தும் கோத்தும் விளையாடும் சாமர்த்தியமே பெரிது. அமெரிக்கப் புதிரோ பெரும்பாலும் விஷயத்தைக் கேட்கும். ஊர், ஆறு, பட்சி, பாடகர், பழைய நாணயம் என்று எதை வேண்டுமானாலும் கேட்கும். பதினைந்துக்குப் பதினைந்து கட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. திங்கட்கிழமைப் புதிரைக் குழந்தைகளும் போடலாம். நாளுக்கு நாள் கடுமை ஏறிச் சனிக்கிழமை வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமான விதி, ஒவ்வோர் எழுத்தும் இரண்டு சொற்களுக்குப் பொதுவாக இருக்கவேண்டும் என்பதே. ஆங்கிலத்தில் இருபத்தாறே எழுத்து. ஆகையால் இது சாத்தியமாகிறது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து வைத்திருக்கும் நாம் இந்த விதியைக் கடைப்பிடிக்கப் புறப்பட்டால் கட்டத்தில் பாதியைக் கறுப்பாக்க வேண்டியதுதான்.

வாசகர்கள் இந்த விதியைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல் உமக்குத் தெரியாமலே இருக்கட்டும். அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மற்றச் சொற்கள் தெரிந்தால் போதும். தெரியாத சொல் தானாகவே நிரம்பிவிடும். உயிரெழுத்து மிகுந்த சின்னஞ்சிறு சொற்கள் கட்டங்களை இணைக்க மிகவும் ஏற்றவை ஆதலால் அவையே திரும்பத் திரும்ப வரும். ஊசி வைக்கும் சிறு பெட்டிக்கு 'எட்வீ' என்று பெயர். கடற்கழுகுக்கு 'எர்ன்' என்று பெயர். ஈரி என்று அமெரிக்காவில் ஓர் ஏரி இருக்கிறது. தமிழனுக்கு இது மறக்காது. ஹவாய்த் தீவுகளில் ஒரு வாத்து, அது கத்துகிற சப்தத்தையே பெயராகக் கொண்டு 'நேனே' எனப்படுகிறது. இவ்வாறு இரண்டாயிரம் மூவாயிரம் சொற்கள் என் மூளையில் வந்து குடியேறின. பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினபோது வராத கர்வம் இவற்றால் வந்தது. வகுப்பில் சமயம் வாய்த்தால் இவற்றில் ஒன்றை எடுத்து வீசுவேன். பையன்கள் வாயைப் பிளப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கர்வத்துக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. எங்களுடையது கரிசல் காட்டுப் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பில் ஆசியாவின் தேசப்படத்தை மாட்டிவிட்டு, "ஆசியாவில் சுருங்கிக்கொண்டே போகும் கடல் எது?" என்று கேட்டேன். அன்று காலைப் புதிரில் வந்த கேள்வி. ஆங்கிலத்தில் நான்கெழுத்து. யாரும் வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் 'ஆரல்' என்று எழுதினேன். உடனே பின்பெஞ்சியில் சிரிப்பு. "ஆரல் மீனா ஸார்?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு மூன்றாவது பெஞ்சிப் பையன் ஒருவன் எழுந்திருந்து, "ஏன் ஸார் அது சுருங்குகிறது?" என்று கேட்டான்.

நான் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அது பாலைவனப் பிரதேசமப்பா, வெயில் அதிகம்" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "எங்கள் ஊர்க் கண்மாயும் வெயிலில் வற்றுகிறது ஸார். மழை பெய்தால் நிரம்பிவிடுகிறது. அந்தக் கடல் இத்தனை நாளும் வெயிலிலேதானே இருந்திருக்கும்? இப்போது மட்டும் ஏன் நிரம்பவில்லை?"

மணி அடித்தது. என் ஜீவிதத்தில் பள்ளிக்கூட மணியை அவ்வளவு அன்போடு நான் கேட்டதில்லை.

அன்றிரவு வெகுநேரம் படித்தேன். ஆரல் கடல் உண்மையில் ஓர் உப்பு ஏரி. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையில் உள்ளது. 1960-ல் அதன் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று அதிகம். உலகத்து ஏரிகளில் நான்காவது பெரியது. அமு தார்யா, சிர் தார்யா என்னும் இரண்டு நதிகள் மலைப் பனியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அதில் கொட்டிக்கொண்டிருந்தன. வெயில் குடித்ததை நதிகள் நிரப்பின. சோவியத் சர்க்கார் பாலைவனத்தில் பருத்தி விளைவிக்கத் தீர்மானித்து அந்த நதிகளைக் கால்வாய்களில் திருப்பிவிட்டது. அவற்றுள் பெரியதாகிய காராகும் கால்வாயை 1954-ல் வெட்ட ஆரம்பித்தார்கள். அடித்தளம் பூசாத மண் கால்வாய் ஆகையால் ஓடிய தண்ணீரில் பெரும்பகுதி மணலுக்குள்ளேயே இறங்கிப் போயிற்று. 1960-க்குப் பின் கடல் பின்வாங்கத் தொடங்கியது. உப்பு ஏறி மீன்கள் மடிந்தன. மொய்னாக் என்னும் துறைமுகத்தில் கடல் போய்விட்டது. கப்பல்கள் மட்டும் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. காய்ந்த அடித்தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி கிளம்பி ஊர்கள்மீது வீசுகிறது. 1987-ல் ஏரி வடக்கு தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. 2014-ல் தென்பாகத்தின் கிழக்குப் பகுதி அடியோடு வற்றியது. வடக்கே மட்டும் கஜகஸ்தான் அரசாங்கம் உலக வங்கியின் உதவியோடு 2005-ல் 13 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அணையைக் கட்டி முடித்தது. அந்தப் பக்கம் தண்ணீர் ஏறிற்று. மீனும் திரும்பி வந்தது.

இத்தனையும் அந்த நான்கு கட்டங்களுக்குப் பின்னால் இருந்தது. நானோ அதை எத்தனையோ முறை நிரப்பி, எத்தனையோ முறை சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "நேற்று நான் சொன்னது தப்பு" என்றேன். உபாத்தியாயர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்ததில் பையன்கள் சற்றுத் திகைத்தார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. பருத்தியின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் வேறொருவன் குறுக்கிட்டான். "பருத்திக்கு ஏன் ஸார் இரண்டு ஆறு? எங்கள் காட்டில் அப்பா மானாவாரியாகத்தானே போடுகிறார்?" என்றான். உண்மைதான். ஐப்பசி மழையை உள்ளே இழுத்துப் பல நாள் ஈரம் காக்கும் கரிசல் மண்ணில் பிறந்தவனுக்கு அந்தச் சந்தேகம் வரத்தானே செய்யும்? அங்கே மண்ணும் வேறு. மழையும் அநேகமாகக் கிடையாது. வாய்க்கால் தண்ணீர் இல்லாவிட்டால் செடியே இல்லை என்று விளக்கினேன். அப்பொழுது முதல்நாள் கேட்ட பையனே மறுபடி எழுந்து, "அவ்வளவு பருத்தியையும் யார் ஸார் எடுத்தார்கள்?" என்றான்.

தற்செயலாக அதையும் படித்திருந்தேன். படிக்கும்போதே எனக்குச் சிறிது நெஞ்சு அடைத்தது. உஸ்பெகிஸ்தானில் சோவியத் காலம் தொட்டுப் பருத்தி வெடிக்கும் பருவம் வந்தால் அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், கல்லூரி மாணாக்கர்களையும், உபாத்தியாயர்களையும் வயலுக்கு அனுப்பிவிடும். சோவியத் ஆட்சி 1991-ல் போன பின்னும் அந்த வழக்கம் போகவில்லை. பிள்ளைகளை அனுப்புவது முதலில் நின்றது. 2021-ம் வருஷத்து அறுவடையில்தான் திட்டமிட்ட கட்டாய வேலை ஒழிந்தது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2022-ல் அறிவித்தது. "உங்களைப் போன்ற பிள்ளைகளும், என்னைப் போன்ற வாத்தியார்களும்" என்று பதில் சொன்னேன். வகுப்பில் சப்தமே இல்லை. பருத்தி எடுத்துப் பழகிய கைகள் அங்கே பல இருந்தன. விடுமுறை நாளில் தாயாருக்கு உதவியாக எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமைப் புதிரில், 'பழைய இந்திய நாணயம், நான்கெழுத்து' என்று வந்தது. அணா. இதுவும் அடிக்கடி வரும் விருந்தாளிதான். ராணி, புடைவை, ராகம், ஆக்ரா, நெய் ஆகியவையும் அப்படியே. அமெரிக்கக் கட்டங்களில் நம் தேசம் இந்த ஏழெட்டுச் சொற்களாகச் சுருங்கி வாழ்கிறது. கட்டுமரமும் எப்பொழுதாவது வரும். ஆனால் அவர்கள் அதைக் கொண்டு குறிப்பது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகை. நம் செம்படவர் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் தள்ளும் தெப்பத்தை அல்ல.

அன்று அணா என்று எழுதிவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அணாவை நானும் கையாண்டதில்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி புது நாணயம் வந்ததோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஆயினும் என் சிறு பிராயத்தில் இருபத்தைந்து காசுக்கு நாலணா என்றே பெயர். ஐம்பது காசு எட்டணா. அந்த நாலணாவும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாயிற்று. என் பாட்டி ஓர் ஆளைப் பற்றித் திருப்தியாகச் சொல்லவேண்டுமானால் "பதினாறணா மனுஷன்" என்பாள். சந்தைக்குப் போய் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கணக்குச் சொல்லும்போது ரூபாயும் காசும் அவள் வாயில் அணாவாகவே மாறும். அமெரிக்காவில் எங்கோ ஒருவன் அதே நேரத்தில் அதே நான்கு எழுத்தை நிரப்பியிருப்பான். ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். என் பாட்டியின் முந்தானை அவனுக்குத் தெரியாது. மொய்னாக் கரையில் வலை உலர்த்தியவனுடைய ஆரல் எனக்குத் தெரியாதிருந்தது போலத்தான்.

அன்றுமுதல் புதிரை விட்டுவிட்டேனா என்றால் அதுதான் இல்லை. பழக்கம் விடுமா? ஒரு காரியம் மட்டும் செய்கிறேன். திங்கட்கிழமைதோறும் காலைப் புதிரில் வந்த ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறேன். பையன்கள் கேள்வி கேட்கவேண்டும். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை வெள்ளிக்கிழமைக்குள் அவர்களும் நானும் தேடவேண்டும். நேனே வாத்து ஒரு காலத்தில் சுமார் முப்பதாகக் குறைந்து அழியும் தறுவாயில் இருந்தது என்பதையும், இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் பீட்டர் ஸ்காட் என்பவர் அவற்றை வளர்த்துப் பெருக்கினார் என்பதையும் இவ்வாறுதான் கண்டுபிடித்தோம். சில வாரங்கள் ஒன்றும் தேறாமலும் போகும். பாடத்திட்டம் முடியவில்லை என்று மேலிடத்திலிருந்து இரண்டு தடவை விசாரணையும் வந்தது.

சென்ற திங்கட்கிழமை, புதிரில் வந்ததை விட்டுவிட்டு, 1913-ம் வருஷத்து முதற் புதிரில் வந்த கோமூட்டிப் பனையை எழுதினேன். அது இந்தோனேஷியா, மலாய் நாட்டுப் பக்கங்களில் வளர்வது. அதன் கறுப்பு நார் கடல் நீரில் சீக்கிரம் மக்காது ஆகையால் கயிறு திரிக்க உதவும். அதன் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வழக்கமாகப் பேசாத பையன் ஒருவன், கடைசிப் பெஞ்சியிலிருந்து, "அதிலும் பாளை சீவுவார்களா ஸார்?" என்று கேட்டான். அவன் தகப்பனார் பனையேறுகிறவர். ஆம், பூத்தண்டைத் தட்டிப் பதப்படுத்திப் பிறகு சீவுகிறார்கள் என்றேன். "நாங்கள் தட்டுவதில்லை ஸார், நசுக்குவோம்" என்றான். எப்படி என்று கேட்டேன். அவன் எழுந்து முன்னால் வந்து, என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கிக் கரும்பலகையில் ஒரு பாளையை வரைந்தான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் மரம் ஏறவேண்டும், எந்த மாதத்தில் பதநீர் மிகுதி, எந்த மரத்தை விட்டுவிடவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதைச் சொல்ல ஆரம்பித்த சமயத்தில் மணி அடித்துவிட்டது. மீதியை வெள்ளிக்கிழமை சொல்வதாக ஏற்பாடு.