கொடியும் பெயரும்
இத்தாலியத் திராட்சை மதுவின் பெயர் வரலாறு

கிறித்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்னித்தாலியில் குடியேறிய கிரேக்கர், அந்நிலத்தின் ஒரு பகுதியை 'ஒயினோத்திரியா' என்று அழைத்தனர். கொம்பில் படர்ந்த திராட்சைக் கொடிகளின் நாடு என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். அப்பெயர் வழக்கொழிந்தது, கொடிகள் ஒழியவில்லை. இத்தாலிய அரசின் பதிவேட்டில் மதுவுக்குரிய திராட்சை வகைகள் இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்டுள்ளன. அவற்றுட் பல, பிற நாடுகளில் காணற்கரியவை.

மது அருந்துதலின் நன்மை தீமை வேறொரு வினாவாகும். ஒரு நாட்டின் உழவரும் மொழியும் சட்டமும் ஒரு கொடியைச் சுற்றி எவ்வாறு பிணைந்துள்ளன என்பதே இங்கு ஆராய்தற்குரியது. அதனை அறிவதற்கு அக்கொடிகளின் பெயர்களே சிறந்த வழிகாட்டிகளாகும்.

செந்நிறமும் வெண்ணிறமும்

திராட்சை மதுவைச் செந்நிற மது, வெண்ணிற மது என இரு பெரும் பிரிவாக வகுப்பர். கருந்திராட்சையிலிருந்து முன்னதும் வெண்திராட்சையிலிருந்து பின்னதும் கிடைக்கும் என்பது பொதுவான கருத்து. அது முழு உண்மையன்று. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறு நிறமற்றது. நிறம் தோலில் மட்டுமே உள்ளது. பழத்தை நசுக்கித் தோலோடு சேர்த்துப் புளிக்க விட்டால், தோலின் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கிச் செந்நிற மது உண்டாகும். தோலை உடனே நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்க விட்டால், கருந்திராட்சையிலிருந்தும் வெண்ணிற மது கிடைக்கும். இரண்டிலும் வேலை செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே. அது சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது.

ஆகவே நிறம் என்பது பெரும்பாலும் செய்முறையைப் பொறுத்தது. மணமும் புளிப்பும் துவர்ப்பும் கொடியையும் மண்ணையும் சார்ந்தவை. இதனாலேயே இத்தாலிய உழவர் நிறத்தைக் கூறுவதோடு நில்லாமல் கொடிக்குப் பெயரிட்டனர்.

அறுவகைப் பெயர்

பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் பெயர்ச்சொல் பிறக்கும் நிலைக்களங்கள் என்பது தமிழாசிரியர் நன்கறிந்த இலக்கணம். இத்தாலியக் கொடிப் பெயர்களை இவ்வாறு வகைகளில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டேனும் கிடைக்கிறது.

வடமேற்கே பியெமோந்தே மாநிலத்தில் விளையும் நெபியோலோ என்னும் கருந்திராட்சை, மூடுபனியைக் குறிக்கும் 'நெபியா' என்ற சொல்லினின்று பெயர் பெற்றது என்பர். அக்டோபர் மாதத்தில், குன்றுகளைப் பனி சூழுங்காலத்தில், அது அறுவடையாகும். அதன் பெயர் கி.பி. 1266-ஆம் ஆண்டிலேயே தூரின் நகரை அடுத்த ரிவோலியில் எழுத்தில் இடம்பெற்றுள்ளது. பரோலோ, பார்பரெஸ்கோ என்னும் புகழ்பெற்ற செந்நிற மதுக்கள் இத்திராட்சையால் ஆனவை. நடு இத்தாலியின் பெக்கொரினோ என்னும் வெண்திராட்சை 'ஆடு' என்னும் சொல்லடியாகப் பிறந்தது; மேய்ச்சலுக்குச் சென்ற ஆடுகள் விரும்பித் தின்ற பழம் என்பது வழிவழிச் செய்தி. இவ்விரண்டும் பொருட்பெயர்.

சிசிலித் தீவின் நெரோ தாவொலா 'அவோலா ஊரின் கரியது' எனப் பொருள்பட்டு இடப்பெயராயிற்று. புல்லியா மாநிலத்தின் பிரிமித்தீவோ, ஏனையவற்றுக்கு முந்திப் பழுப்பதால் காலப்பெயர். காம்பானியாவின் கோதா தி வொல்பே, குலையின் வடிவால் 'நரிவால்' எனப்பட்டது. சினையை உவமையாகக் கொண்ட பெயர் இது. கி.பி. 79-இல் மறைந்த உரோம அறிஞர் பிளினியும் நரிவாலை ஒத்த ஒரு கொடியைத் தம் நூலில் குறித்துள்ளார். மார்க்கே மாநிலத்தின் வெர்திக்கியோ, பசுமை என்னும் குணத்தால் பெயர் பெற்றது. அதன் வெண்ணிற மதுவிலும் இளம்பச்சைச் சாயல் உண்டு.

தொழிற்பெயர்களே மிகச் சுவையானவை. ரொமாஞ்ஞா பகுதியில் பகதேபித் என்னும் வெண்திராட்சை உண்டு. 'கடனை அடைப்பது' என்பது அதன் பொருள். பருவம் பொய்த்த ஆண்டிலும் அது காய்க்கும். உழவன் அதனை விற்றுக் கடன் தீர்ப்பான். வடகிழக்கே ஃப்ரியூலியில் தாத்சலெங்கே என்னும் கருந்திராட்சை உண்டு. 'நாவை அறுப்பது' என்பது அதன் பொருள். அத்தகைய புளிப்பும் துவர்ப்பும் உடையது. வறுமையையும் நகைச்சுவையையும் ஒரே சொல்லில் அடக்கிய இப்பெயர்கள் வயலில் பிறந்தவை, அரண்மனையில் பிறந்தவை அல்ல.

ஊரா, கொடியா?

பெயர் பெருகியவிடத்துக் குழப்பமும் பெருகும். மொந்தெபுல்சியானோ என்பது தஸ்கனி மாநிலத்தில் ஓர் ஊர். அதே பெயருடைய கருந்திராட்சையோ அப்ருத்சோ மாநிலத்தில் பெருவழக்காக உள்ளது. அவ்வூரின் பெயர் தாங்கிய 'உயர்ந்த மது' அத்திராட்சையால் ஆவதன்று. சாஞ்சொவேசே என்னும் வேறொரு கருந்திராட்சையே அதில் முதன்மையானது. கியாந்தி மதுவுக்கும் அடிப்படை சாஞ்சொவேசேதான். ஆயின் கியாந்தி என்பது நிலப்பகுதியின் பெயர். இங்கு ஊரும் கொடியும் ஒரு பெயருக்கு உரிமை கொண்டாடுகின்றன.

இவ்வுரிமை வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. பலருடைய பிழைப்பு அதைச் சார்ந்தது. ஃப்ரியூலி உழவர் தம் வெண்திராட்சையைத் 'தொக்காய்' என்று வழங்கி வந்தனர். அங்கேரி நாட்டில் தொக்கை என்னும் பகுதி இனிப்பு மதுவுக்குப் பெயர் பெற்றது. 1993-இல் ஐரோப்பியச் சமூகமும் அங்கேரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, அப்பெயரை அங்கேரிக்கே உரியதாக்கியது. இத்தாலியர் வழக்காடினர், 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2007 முதல் அக்கொடியின் மது 'ஃப்ரியுலானோ' என்று விற்கப்படுகிறது. கொடி மாறவில்லை, மண் மாறவில்லை, தந்தையும் பாட்டனும் சொன்ன பெயர் மட்டும் புட்டியிலிருந்து நீங்கியது.

புரொசெக்கோவின் கதை இதற்கு மறுதலை. அது நுரைக்கும் வெண்ணிற மதுவுக்கும் அதற்குரிய திராட்சைக்கும் பொதுப்பெயராக இருந்தது. திராட்சையின் பெயர் என்றால் எந்நாட்டாரும் அதை நட்டு அப்பெயரால் விற்கலாம். ஆகவே 2009-இல் இத்தாலியர் திராட்சைக்குக் 'கிளேரா' என்னும் பழைய பெயரைச் சூட்டினர். திரியெஸ்தே நகரருகே புரொசெக்கோ என்றொரு சிற்றூர் இருப்பதைக் காட்டி, அப்பெயரை இடப்பெயராக்கிப் பாதுகாப்புப் பெற்றனர். ஒருவர்க்குப் பெயரைப் பறித்த அதே நெறி, மற்றொருவர்க்கு அதனைக் காத்துக் கொடுத்தது.

அழிவின் விளிம்பில்

வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்செரா என்னும் நுண்பூச்சி 1860-களில் பிரான்சிலும் 1879-இல் இத்தாலியிலும் தோன்றி, வேரைத் தாக்கித் தோட்டங்களைப் பட்டுப்போகச் செய்தது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுதலே தீர்வாயிற்று. ஆனால் எல்லாக் கொடிகளுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. மறுநடவு செய்த உழவன் மிகுதியாகக் காய்ப்பதையே தேர்ந்தான். அருமையாகக் காய்ப்பவை கைவிடப்பட்டன.

பின்னர் வந்தது சந்தையின் நெருக்கடி. பிரெஞ்சுக் கொடிகளான கபெர்னே, மெர்லோ, ஷார்தொனே ஆகியவற்றின் பெயரை உலகம் அறிந்திருந்தது. தஸ்கனியின் போல்கெரியில் கபெர்னே திராட்சையால் ஆகிய சசிக்காயா என்னும் மது, 1968-ஆம் ஆண்டு விளைச்சல் முதற்கொண்டு விற்பனைக்கு வந்து பெரும்புகழ் பெற்றது. 1963-இல் இயற்றப்பட்ட மதுச் சட்டத்தின் வரம்புக்குள் அமையாமையால், பேரளவு விலைக்கு விற்ற அம்மது நெடுங்காலம் 'சாதாரண மேசை மது' என்ற முத்திரையையே தாங்கி நின்றது. அதன் வெற்றி கண்டு பலரும் பிரெஞ்சுக் கொடிகளை நட்டனர்.

சட்டமும் சில கொடிகளுக்குப் பகையாயிற்று. ஃப்ரியூலியின் ஸ்கியொப்பெத்தீனோ, பிஞ்ஞோலோ, மேலே கூறிய தாத்சலெங்கே ஆகியவை, நடுவதற்கு இசைவு பெற்ற வகைகளின் பட்டியலில் இல்லை. தன் பாட்டன் வளர்த்த கொடியைத் தன் நிலத்தில் நடுவது உழவனுக்குக் குற்றமாயிற்று. பட்டியலில் பெயர் இல்லாத கொடிக்கு மண்ணிலும் இடம் இல்லை.

மீட்டவர்கள்

இந்நிலையில் சிலர் தனித்து நின்று முயன்றனர். 1970-களில் ரப்புத்சி குடும்பத்தார் புரெபொத்தோ பகுதியில் எஞ்சியிருந்த ஸ்கியொப்பெத்தீனோ கொடிகளைத் தேடிச் சேர்த்து நட்டனர். அம்மாநிலத்தில் சாராயம் வடிக்கும் தொழில் செய்த நொனீனோ குடும்பத்தார், 1975-இல் 'பொற்கொடித் துண்டு' எனப் பொருள்படும் பரிசு ஒன்றை நிறுவி, அருகி வந்த கொடிகளை வளர்ப்போரைப் போற்றினர். அம்முயற்சிகளால் சட்டத்தின் இசைவும் பின்னர்க் கிடைத்தது. பியெமோந்தேயின் தொர்த்தோனா குன்றுகளில் வால்தெர் மாசா என்பவர், 1980-களில், அழியவிருந்த திமொராசோ என்னும் வெண்திராட்சையை மீட்டார். அம்மதுவுக்கு இன்று வழங்கும் பெயர் 'தெர்தோனா'. அது தொர்த்தோனா நகரின் பழைய இலத்தீன் பெயர்.

தெற்கே காம்பானியாவில், இரண்டாம் உலகப் போருக்குப்பின், அந்தோனியோ மாஸ்த்ரோபெரார்தீனோ என்பவர் ஃபியானோ, கிரேக்கோ என்னும் வெண்திராட்சைகளையும் அல்யானிக்கோ என்னும் கருந்திராட்சையையும் விடாது போற்றி வளர்த்தார். மிகுதியாக விளையும் வேறு வகைகளை நடுமாறு பலரும் அறிவுரை கூறிய காலம் அது. அவர் கேளாமையால் அக்கொடிகள் இன்றும் உள்ளன.

காம்பானியா தமிழர்க்கு முற்றும் அயலானதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளுள் சில, அம்மாநிலத்தில் செய்யப்பட்டவை என ஆய்வாளர் கண்டுள்ளனர். யவனர் நற்கலத்திற் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் மாந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் கூறுகிறது. அத்தேறல் எக்கொடியின் பழத்தால் ஆனது என்பதை அப்பாடல் உரைக்கவில்லை. சாடி செய்த ஊரை ஓடு காட்டுகிறது. மதுவை உண்ட மன்னனைப் பாட்டுக் காட்டுகிறது. கொடியின் பெயர் மட்டும் மறைந்தொழிந்தது.

கொடியின் பெயரை அடுத்த தலைமுறையின் வாயில் வைக்கும் வேலையையே ரப்புத்சி குடும்பத்தாரும் மாசாவும் மாஸ்த்ரோபெரார்தீனோவும் செய்தனர். ஒட்டுக் கட்டிய கொடி சில பத்தாண்டுகளில் முதிர்ந்து தளரும்; அதன் துண்டை வெட்டி மீண்டும் நடுதல் வேண்டும். அப்போது உழவன் எதை நடுகிறான் என்று சொல்ல அவனுக்கு ஒரு பெயர் தேவை.