யாரையும் தடுக்காத கோவில்!
வெந்நீர் ஊற்றில் குளித்து, மலைப்பாதையில் நடக்கும் ஜப்பான் யாத்திரை

குளித்துவிட்டுத்தான் கோவிலுக்குப் போகவேண்டும். இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல, ஜப்பானிலும் உண்டு. ஆனால் அங்கே ஓர் ஊரில், குளிக்கும் தண்ணீரை பூமியே காய்ச்சிக் கொடுக்கிறது!

ஒசாகா நகருக்குத் தெற்கே பசிபிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது, கீ தீபகற்பம். கரை ஓரம் மீன்பிடி ஊர்கள். உள்ளே போனால் அடர்ந்த மலைக்காடு. இங்குள்ள குமானோ பகுதியில் ஹோங்கு, ஹயதாமா, நாச்சி என்று 3 பெரிய கோவில்கள் இருக்கின்றன. இவற்றுக்குச் செல்லும் மலைப்பாதைகள் 2004-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன.

எறும்பு வரிசை

சுமார் ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் இங்கே நடந்து வருகிறார்கள். பட்டம் துறந்த பேரரசர்கள் கியோட்டோவில் இருந்து பரிவாரத்துடன் வந்தார்கள். கோ-ஷிரகாவா என்பவர் மட்டும் 30 தடவைக்கு மேல் வந்தார். பிறகு குடியானவர்களும் வரத் தொடங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்து, "குமானோவுக்குப் போகும் எறும்புகள்" என்று ஒரு சொல் வழக்கே உண்டாகிவிட்டது.

காரணம் என்ன? அந்தக் காலத்தில் ஜப்பானின் பல புனித மலைகளில் பெண்கள் கால் வைக்க முடியாது. குமானோ அப்படித் தடுக்கவில்லை.

இஸுமி ஷிகிபு என்ற பெண் கவிஞரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். பல நாள் நடந்து வந்தவர், ஹோங்கு கோவில் தூரத்தில் தெரிந்த இடத்தில் மாதவிலக்கு ஆனார். இனி கோவிலுக்குள் போகக்கூடாதே என்று வருந்தி, அங்கேயே தங்கினார். அன்று இரவு தெய்வம் கனவில் வந்து, "தயங்காமல் வா" என்று அழைத்ததாம்!

1274-ம் ஆண்டில் இப்பென் என்ற துறவி, புத்தர் பெயர் அச்சிட்ட சீட்டை வழியெல்லாம் கொடுத்து வந்தார். "எனக்கு நம்பிக்கை வரவில்லை" என்று ஒருவர் வாங்க மறுத்தார். துறவி குழம்பிப்போனார். நம்புகிறவர், நம்பாதவர், சுத்தம், அசுத்தம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுக்கும்படி ஹோங்கு தெய்வம் அவருக்குச் சொன்னதாக வரலாறு.

வண்டியில் வந்த நோயாளி

ஹோங்குவுக்குப் பக்கத்தில் இருக்கிறது யுனோமினே என்ற சிற்றூர். யாத்திரிகர்கள் இங்குள்ள வெந்நீர் ஊற்றில் குளித்து உடலைச் சுத்தப்படுத்திக்கொண்டு கோவிலுக்குச் சென்றார்கள்.

ஒகுரி என்ற வீரனுக்கு விஷம் வைத்துவிட்டார்கள். அவன் உயிர் திரும்பியது. ஆனால் உடல் தேறவில்லை. கண் தெரியவில்லை, பேச்சும் இல்லை. வண்டியில் கிடத்தி, "இழுப்பவர்களுக்குப் புண்ணியம்" என்று பலகை மாட்டினார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஊர் ஊராக இழுத்தார்கள். தன் கணவன் என்று தெரியாமலே மனைவியும் சில நாள் இழுத்தாள். யுனோமினே ஊற்றில் 49 நாள் குளித்து அவன் குணம் அடைந்தான் என்கிறது கதை.

அவன் குளித்ததாகச் சொல்லப்படும் தொட்டி இன்றும் உள்ளது. ஓடைக்கரையில் ஒரு சின்ன மரக்குடில். இரண்டு, மூன்று பேர்தான் இறங்க முடியும். வரிசைப்படி அரை மணி நேரம் கொடுக்கிறார்கள். சோப்பு கூடாது. பக்கத்தில் கொதிக்கும் ஊற்றில், வலைப்பையில் முட்டை போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள்!

இந்தியத் துறவி

நாச்சியில் 133 மீட்டர் உயரத்தில் இருந்து அருவி விழுகிறது. அந்த அருவியே தெய்வம். அருகில் உள்ள செய்கான்தோ-ஜி என்ற புத்தர் கோவிலை, கடலில் மிதந்து வந்து கரை சேர்ந்த ஓர் இந்தியத் துறவி தொடங்கினார் என்பது ஐதீகம்.

போகும் வழி

ஒசாகாவில் இருந்து கடற்கரை ஓரமாக எக்ஸ்பிரஸ் ரெயில் ஓடுகிறது. கடலோர வெந்நீர்த் துறையான ஷிராஹாமாவில் இறங்கலாம். 658-ம் ஆண்டிலேயே சைமெய் என்ற பேரரசி வந்து தங்கிய ஊர் அது. நடக்க விரும்புகிறவர்கள் அதற்கு முன்னால் உள்ள தனபேயில் இறங்குகிறார்கள். பஸ்சில் தகிஜிரி போய், அங்கிருந்து சுமார் 38 கிலோ மீட்டர் நடந்தால் ஹோங்கு. இரண்டு நாள் நடை. முடியாதவர்களுக்கு ஹோங்கு வரை பஸ் உண்டு.

இதே மலைத்தொடரில்தான் ஒமினே மலையும் இருக்கிறது. அதுவும் அதே உலகப் பட்டியலில் உள்ளது. ஆனால் அந்த மலைக்கோவில் பாதையில் பெண்களுக்கு இன்றும் அனுமதி இல்லை!

ஹோங்கு கோவில் முதலில் ஆற்றுத் திட்டில் இருந்தது. 1889-ம் ஆண்டு வெள்ளம் அதை அழித்தது. தப்பிய சன்னதிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் 2000-ம் ஆண்டில் சுமார் 34 மீட்டர் உயரத்துக்கு ஒரு தோரண வாசல் எழுப்பினார்கள்.

வயல் நடுவே தனியாக நிற்கும் அந்த வாசலுக்குக் கதவு கிடையாது.