உத்தரத்தினுள் ஒரு பகைவன்

லண்டன் மாநகரில், பிரிட்டிஷ் பாராளுமன்றக் கட்டடத்தை ஒட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் என்னும் பழம்பெரும் மண்டபம் ஒன்று இருக்கிறது. 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது அங்கேதான். நம் நாட்டில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788 முதல் 1795 வரை விசாரணை நடந்ததும் அங்கேதான். இத்தகைய மண்டபத்தின் கூரையை ஒரு சிறு வண்டு ஏறக்குறைய வீழ்த்திவிட்டது என்றால் நம்புவீர்களா? அந்த வண்டின் கதையையும், அது நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

மண்டபத்தின் கூரை, இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில், 1393-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்ட மரவேலை. சுமார் 68 அடி அகலத்தை நடுவில் ஒரு தூணும் இன்றி ஓக் மரச் சட்டங்களே தாங்குகின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற இக்கூரையை, முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, பிராங்க் பெயின்ஸ் என்னும் கட்டடக்கலை வல்லுநர் ஏறி ஆராய்ந்தார். கீழிருந்து பார்ப்பவர்க்கு உறுதியாகத் தோன்றிய உத்தரங்களுள் பல, உள்ளே ஆள் புகும் அளவுக்குக் குடைந்து கிடந்தன. மேல்தோல் மட்டும் மரம்; உள்ளே வெறும் தூள்!

இவ்வளவும் கால் அங்குல நீளமே உள்ள ஒரு வண்டின் வேலை. வசந்த காலத்தில் இவ்வண்டு தன் தலையை மரத்தில் மோதி, 'டக், டக்' என்று ஒலி எழுப்பித் துணையை அழைக்கும். நோயாளியின் அருகே இரவில் கண்விழித்திருந்தவர்கள் அந்த நிசப்தத்தில் இவ்வொலியைக் கேட்டு, சாவு வருவதற்கான அறிகுறி என்று அஞ்சினார்கள். அதனால் ஆங்கிலேயர் இதற்குச் 'சாவுக்காவல் வண்டு' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நமக்கு இது வியப்பாக இராது. சாவு வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அது நோயாளிக்கு அன்று; உத்தரத்துக்கு!

வளர்ந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. தின்பது அதன் புழு. தாய் வண்டு மரத்தின் வெடிப்புகளிலும் பழைய துளைகளிலும் முட்டையிடும். பொரித்த புழு உள்ளே சென்று, சில ஆண்டுகள், சில வேளை பத்தாண்டுகள் கூட, குடைந்துகொண்டே வாழும். பின்னர் வண்டாக மாறி, சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள துளையிட்டு வெளிவரும். ஆகவே நாம் துளையைக் காணும்போது, சேதம் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

வைரம் பாய்ந்த ஓக் மரத்தை இந்தப் புழு எவ்வாறு மென்றது? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. காய்ந்த, நல்ல ஓக் மரத்தில் இப்புழு தழைப்பதில்லை. கூரை ஒழுகி மரம் நனைய வேண்டும். அல்லது ஈரச் சுவரினுள் உத்தரத்தின் முனை புதைந்திருக்க வேண்டும். ஈரத்தில் காளான் இனம் பற்றி மரத்தை மென்மையாக்கும். காளான் சமைத்து வைக்கும் விருந்தையே புழு உண்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வண்டை ஒழிக்க மருந்து காணும் பொறுப்பு, பூச்சியியல் பேராசிரியர் ஹெரால்டு மாக்ஸ்வெல் லெப்ராய் என்பவரிடம் வந்தது. அவர் முன்னர்ப் பீகாரில் உள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, இந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். மரத்தில் தெளிக்கும் நச்சுத் திரவம் ஒன்றை அவர் உருவாக்கினார். எஃகுச் சட்டங்களை மறைவாகப் பொருத்தி வலுவூட்டிய கூரைத் திருப்பணி 1923-இல் முடிந்தது. ஆனால் 1925 அக்டோபரில், பூச்சிகளைக் கொல்லும் வாயுவைப் பற்றிய சோதனையின்போது, அதே வாயு தாக்கி லெப்ராய் உயிர் துறந்தார்.

இம்மரணத்தை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நஞ்சு, பூச்சி எது, மனிதன் யார் என்று பார்ப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அருங்காட்சியகங்கள் பலவற்றில் டி.டி.டி. போன்ற மருந்துகளைத் தாராளமாகத் தெளித்தார்கள். அப்பொருள்களைக் கையாளுவோர் இன்றும் கையுறை அணிய வேண்டியிருக்கிறது. மேலும், மேலே தெளித்த மருந்து ஆழத்தில் இருக்கும் புழுவை எட்டுவது அரிது. வண்டைப் பிடித்துத் தின்னும் சிலந்தியையோ எளிதில் கொன்றுவிடும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலில், பகைவன் உயிரோடு இருக்கிறானா என்று அறிய வேண்டும். பழைய துளைகள் மட்டுமே இருக்கலாம். துளைகளின் மேல் மெல்லிய தாளை ஒட்டி வைத்து, அடுத்த பருவத்தில் பார்த்தால், புதிதாக வெளிவந்த வண்டு தாளைத் துளைத்திருக்கும். உதிரும் தூளும் ஒரு சாட்சியே. தொட்டால் மாவுபோல் நைசாக இருந்தால் அது வேறொரு வண்டினம். சாவுக்காவல் வண்டின் தூளிலோ சிறு வில்லைகள் காணப்படும்.

அடுத்து, ஒழுகலை அடைத்து, மழைநீர்த் தாரைகளைச் சீர்செய்து, காற்றோட்டம் தந்து மரத்தை உலர வைக்க வேண்டும். உலர்ந்த மரத்தில் இவ்வினம் மெல்ல மெல்ல அருகிவிடும். வலுவிழந்த பகுதியை மட்டும் தச்சர் மாற்றுவார்.

அருங்காட்சியகத்தில் உள்ள நாற்காலிக்கும் பெட்டிக்கும் வேறு முறைகள் உண்டு. புதிதாக வரும் பொருளைத் தனியறையில் வைத்துக் கவனிப்பார்கள். பூச்சி இருந்தால், பொருளைக் காற்றுப் புகாத பாலிதீன் உறையில் இட்டு, பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் குளிரில் மூன்று நாள் வைப்பார்கள். குளிர் தாங்காத வண்ணப் பொருளை நைட்ரஜன் நிரம்பிய உறையில் சில வாரங்கள் வைத்தால், பிராணவாயு இன்றிப் பூச்சி மடியும். இரண்டிலும் பொருளில் நஞ்சு தங்குவதில்லை.

நண்பர்களே! ஒரு பழங்கட்டடத்துக்குள் நுழையும்போது, மரத்தில் துளை தேடுவதற்கு முன் கூரையில் ஒழுகல் உண்டா என்று அண்ணாந்து பாருங்கள். ஐந்நூறு ஆண்டுக் கூரையைச் சரிக்க முயன்றது வண்டுதான். ஆனால் அதற்கு வாசலைத் திறந்துவிட்டது, யாரும் கவனியாமல் விட்ட ஈரம்.