பொது நிலமும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள மத்தூர், அப்பெயர் கொண்ட ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். சுற்றிலும் மாந்தோப்புகளும், தென்னையும், புளியமரங்களும், மானாவாரி நிலங்களும் நிறைந்த வட்டாரம் இது. மழை குறைந்த இப்பகுதியில் ஒரு கிராமத்தின் வாழ்வு பட்டா நிலத்தை மட்டும் நம்பி நடைபெறுவதில்லை. ஏரியும், ஏரிக்கு நீர் கொணரும் கால்வாயும், ஆடுமாடுகள் மேயும் மேய்ச்சல் நிலமும், கதிரடிக்கும் களமும், சந்தைத் திடலும், இடுகாடும், அதற்குச் செல்லும் பாதையும் ஊருக்குப் பொதுவாக இருப்பதனால்தான், காணி நிலம் உடையவனும் அதுவும் இல்லாதவனும் ஒரே ஊரில் பிழைக்க முடிகிறது.

இன்று இந்நிலங்கள்மீது புதியதொரு நெருக்கடி வந்துள்ளது. ஓசூரில் 1970-களில் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கே தொடங்கிய தொழில் வளர்ச்சி, பின்னர் பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கமும் பரவியது. 2021-ஆம் ஆண்டில் இப்பகுதியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை ஒன்றும் உற்பத்தியைத் தொடங்கியது. வேலை வாய்ப்பு பெருகுவது நாம் அனைவரும் வரவேற்கத்தக்கதே. ஆயின், ஏக்கர்க் கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் பேசப்படும்போது, நேற்றுவரை எவரும் திரும்பிப் பாராத ஊர்த் தரிசின்மீதும் பலருடைய கண் விழுகிறது. பொது நிலத்தைக் காப்பது எங்ஙனம்? காலத்துக்கேற்ப அதனைப் பயன்படுத்துவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே சிந்திக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

நிலம் யாருடையது?

கிராமக் கணக்கில் 'புறம்போக்கு' என்று எழுதப்பட்ட நிலம் எவருக்கும் உரியதன்று எனப் பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. தீர்வை விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலம் என்பதே அச்சொல்லின் கருத்து. உடையவரற்ற நிலம் என்பதன்று. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கு உரியதல்லாத இத்தகைய நிலங்கள் அரசாங்கத்தின் உடைமை என்று கூறி, ஆக்கிரமிப்பாளர்மீது நடவடிக்கை எடுக்க வழி செய்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமோ மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகியவற்றின் உபயோகத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சியிடம் ஒப்படைத்துள்ளது.

எனவே பொது நிலம் அரசாங்கத்தின் பேரில் நிற்கிறது; பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கிறது; ஊராரின் உபயோகத்துக்கு உரியது. கோயிற் சொத்துக்குத் தருமகர்த்தா எவ்வாறோ, ஊர்ச் சொத்துக்குப் பஞ்சாயத்து அவ்வாறே. தருமகர்த்தா சொத்தைப் பேணலாம், பெருக்கலாம், தமதென்று கொள்ளலாகாது.

பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்து ரோஹர் ஜாகீர் கிராமத்தில் ஊர்க் குளத்தைச் சிலர் நிரப்பி வீடு கட்டிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்த ஆக்கிரமிப்பைப் பணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்துவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. கிராமப் பொது நிலங்களை மீட்டு ஊராரின் பொது உபயோகத்துக்குத் திருப்பித் தரத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசாங்கங்களையும் அது பணித்தது.

நம் பக்கத்து விவசாயிகள் சிலரிடம் மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. புறம்போக்கை உழுதவருக்குப் 'பி மெமோ' கொடுக்கப்படுகிறது. அவரும் தண்டத் தொகையைச் செலுத்தி ரசீது பெறுகிறார். ஆண்டுதோறும் பெற்ற இந்த ரசீதுகளை அடுக்கிவைத்துக்கொண்டு, நிலம் தமக்குச் சொந்தமாகிவிட்டதென நம்புகிறார். அந்த ரசீது ஆக்கிரமிப்புக்குச் சான்றேயன்றி உரிமைக்குச் சான்றாகாது. அதை நம்பி நிலத்தை விலைக்கு வாங்கும் ஏழைதான் இறுதியில் ஏமாறுகிறார்.

இரண்டு போச்சம்பள்ளிகள்

மத்தூருக்கு அண்மையில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்பெற்ற போச்சம்பள்ளி இருக்கிறது. அதே பெயரில் தெலுங்கானாவின் நல்கொண்டாப் பகுதியிலும் ஓர் ஊர் உண்டு. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் அவ்வூருக்கு வந்த ஆசாரிய வினோபா பாவேயிடம், நிலமற்ற அரிஜனக் குடும்பத்தினர் 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்றனர். கூட்டத்திலிருந்த ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாக எழுந்து நின்றார். பூதான இயக்கம் பிறந்தது.

அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்து மங்ரோத் கிராமம் முழுவதும் தானமாக வந்தது. 'கிராமதானம்' எனப்பட்ட இம்முறையில் நிலத்தின் உரிமை கிராம சபையைச் சாரும். உழுதவர் தொடர்ந்து உழுவார். வெளியாருக்கு விற்க மட்டும் இயலாது. 1957-ஆம் ஆண்டு செப்டம்பரில் மைசூருக்கு அருகே எல்வாலில் நேரு முதலிய தலைவர்கள் கூடி, கிராமதானமும் சமுதாய அபிவிருத்தித் திட்டமும் ஒத்துழைக்க வேண்டுமெனக் கருத்துத் தெரிவித்தனர். 1958-இல் நம் மாநிலத்திலும் பூதானச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி நிலம் பெற்றவர் அதைப் பயிரிட்டு வாழலாம். தம் விருப்பம்போல் விற்றுவிட முடியாது.

இவ்வியக்கம் நாடெங்கும் எண்ணியவாறு நிறைவேறவில்லை. தரப்பட்ட நிலம் பல இடங்களில் பயிருக்கு உதவாததாயிருந்தது. சில இடங்களில் பத்திரம் பதிவாகவே இல்லை. எனினும் அது விட்டுச் சென்ற ஒரு கருத்து விலைமதிப்பற்றது. நிலத்தின் உரிமை வேறு, பயன் வேறு. உரிமையை ஊரிடம் நிலையாக நிறுத்திவிட்டால், பயனைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கடல் கடந்த பாடம்

இக்கருத்து கடல் கடந்தும் சென்றது. கிராமதானத்தை அறிந்து ஊக்கம்கொண்ட ராபர்ட் ஸ்வான் முதலியோரின் துணையுடன், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் 1969-ஆம் ஆண்டில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். சுமார் 5,700 ஏக்கர் நிலம் அவர்களுடைய பொது உடைமையாயிற்று. ஆனால் அந்நிலம் கடன்பட்டு வாங்கப்பட்டதாகும். பின்னர் வறட்சி வந்தது. பிற விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் அவர்களுக்கு நியாயமாகக் கிடைக்கவில்லை. 1985-ஆம் ஆண்டில் நிலம் முழுவதும் கடனில் மூழ்கியது. இழைக்கப்பட்ட அநீதிக்காக 2009-இல் அவர்களுக்கு நஷ்டஈடு வழங்கப்பட்டது. இழந்த நிலமோ திரும்பவில்லை.

அதே நாட்டின் பர்லிங்டன் நகரில் 1984-இல் தோன்றிய நில அறக்கட்டளை இம்முறையை வேறு விதமாகக் கையாண்டது. மனை அறக்கட்டளையிடமே இருக்கும். வீடு மட்டும் குடும்பத்துக்கு விற்கப்படும். மனைக்கு நீண்ட காலக் குத்தகை. நகரில் நில விலை எவ்வளவு ஏறினும் அவ்வீடுகள் எளியோர் கைக்கு எட்டும் விலையிலேயே நிற்கின்றன. பொது நிலத்தை அடகு வைக்கலாகாது, குத்தகைக்கு விடலாம் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

புதிய பயன்கள்

மத்தூர் வட்டாரத்தில் இதனை எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம்? முதலில் களத்தை எடுத்துக்கொள்வோம். இன்று தானியத்தை நெடுஞ்சாலையில் உலர்த்துவதால் விபத்தும் நேர்கிறது, தானியமும் பாழாகிறது. பழைய களத்து மேட்டை மீட்டு, சிமெண்டுத் தளமும், ஓரத்தில் ஒரு சிறு கிடங்கும், எடை மேடையும் அமைத்தால் அது சிறு விவசாயிக்குப் பேருதவியாகும்.

மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் சீமைக் கருவேல முட்புதராகக் கிடக்கிறது. அதனை வேருடன் அகற்றி, நிலத்தை மூன்று கூறுகளாக்கி, ஒரு கூற்றில் மேய்ச்சல் நடக்கையில் மற்றவை தழைக்குமாறு விடலாம். நீர் வசதி உள்ள மூலையில் கோ-4 போன்ற தீவனப்புல்லை வளர்த்து, அறுத்து வழங்கலாம். பசு ஒன்றே சொத்தாக உடைய விதவைத் தாய்க்கு இது எத்துணை பெரிய ஆதரவு!

ஏரிகளின் வண்டல் மண்ணை உரிய அனுமதி பெற்று வயலுக்கு எடுத்துச் செல்வதால், ஏரியும் ஆழமாகும், நிலமும் வளமாகும். தென்பெண்ணை நீரைப் பெறும் பாரூர் ஏரி போன்ற பெரிய ஏரிகள் நீர்வளத்துறையின் பராமரிப்பில் இருப்பினும், சிற்றேரிகளும் குட்டைகளும் பஞ்சாயத்தின் கவனத்தையே எதிர்பார்த்திருக்கின்றன. புளியமரங்களின் மகசூலை வெளிப்படையாக ஏலம் விட்டு, அவ்வருவாயில் ஒரு பங்கைப் புதிய மரக்கன்றுகளுக்கு ஒதுக்கலாம். சந்தைத் திடலில் கூரையும், குடிநீரும், பெண் வியாபாரிகளுக்குக் கழிப்பிடமும் அமைப்பதே உண்மையான நவீனமாகும்.

எந்தப் புதிய உபயோகத்தையும் மூன்று வினாக்களால் அளந்து பார்க்கலாம். நிலத்தின் உரிமை கை மாறுகிறதா? இதுவரை அதை உபயோகித்து வந்தவர் வெளியேற்றப்படுகிறாரா? கிடைக்கும் வருமானம் பஞ்சாயத்துக் கணக்கில் சேர்ந்து ஊரார் முன்னிலையில் படிக்கப்படுகிறதா? முதலிரண்டுக்கும் 'இல்லை' என்றும், மூன்றாவதற்கு 'ஆம்' என்றும் விடை வருமாயின் அத்திட்டத்தைத் தயக்கமின்றி ஏற்கலாம். 'பொது' என்ற சொல் எல்லாத் தெருவினரையும் குறிக்க வேண்டும். களத்திலும் குளத்திலும் இடுகாட்டுப் பாதையிலும் ஒரு சாரார் தடுக்கப்படுவாராயின் அந்நிலம் பெயரளவிலேயே பொது நிலமாகும்.

கல்லும் கணக்கும்

பொது நிலம் ஒரே நாளில் பறிபோவதில்லை, ஓரங்குலமாகப் போகிறது. 200 மீட்டர் நீளமுள்ள ஓர் எல்லையில், அடுத்த நிலத்தார் ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரப்பை நகர்த்தினால் ஓராண்டில் மறைவது ஏறக்குறைய 5 செண்ட். பத்தாண்டில் அரை ஏக்கர் மறைந்துவிடும்.

இதனைத் தடுக்கும் வழி எளியது. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டிலிருந்து பொது நிலங்களின் சர்வே எண், பரப்பு, வகை ஆகியவற்றைப் பெற்றுப் பட்டியலிட வேண்டும். புலப்படத்துடன் ஒப்பிட்டு, நில அளவரைக் கொண்டு அளந்து, எல்லைக் கற்களை நட வேண்டும். அப்பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எல்லோரும் படிக்குமாறு எழுதிவைக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்த கிராம சபைக்கு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. இவற்றுள் ஒரு கூட்டத்திலேனும் பட்டியல் முழுவதையும் உரக்கப் படித்து, குறைந்த இடம் எது, குத்தகை பாக்கி யாரிடம் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். தலைவர் மாறலாம், தனி அலுவலர் வரலாம். சுவரில் எழுதிய கணக்கு மாறாது.

வீடற்றோரும் ஆலைகளும்

இவ்விடத்தில் இரு ஐயங்கள் எழக்கூடும். புறம்போக்கில் குடிசை போட்டிருப்போர் பலர் ஏழைகளல்லவா? உண்மைதான். மேற்கூறிய 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், அரசாங்க அறிவிப்பின் வழியாக நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அளித்த குத்தகைகளையும், பள்ளி, மருந்தகம் போன்றவை முன்னரே அமைந்த இடங்களையும் விதிவிலக்காகக் கருத இடமளித்தது. வீடற்றவருக்கு ஏரியின் நீர்ப்பிடிப்புக்குப் புறத்தே முறையான மனை கிடைக்கச் செய்துவிட்டு, அதன் பின்னரே குடிசையை அகற்றுவது நியாயமாகும். ஏழையின் குடிசை ஒரு செண்டில் இருக்க, செல்வரின் தோப்பு ஐந்து ஏக்கரில் விரிந்திருப்பின், அளவுச் சங்கிலி முதலில் எங்கே செல்ல வேண்டும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

ஆலைகளுக்கு நிலம் வேண்டாவா என்பது இரண்டாவது ஐயம். வேண்டும். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 எக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் நீர்நிலைகள் அடங்கிய அரசாங்க நிலங்களையும் சேர்த்துத் திட்டமிட வழிசெய்கிறது. இத்தகைய திட்டம் ஊருக்கு வரும் நாளில், தன் கால்வாய் எங்கே ஓடுகிறது, எத்தனை வயல் அதனால் பாய்கிறது என்று ஆதாரத்துடன் எடுத்துரைக்கும் கிராமமே தன் நலத்தைக் காத்துக்கொள்ளும். கணக்கு இல்லாத கிராமத்தின் குறை அதிகாரிகளின் காதில் வெறும் கூச்சலாகவே விழும்.

நம் முன்னோர் ஏரியை வெட்டியபோது அதன் நீரை யார் பருகுவர் என்று கேட்கவில்லை. சாலையோரம் புளியங்கன்றை நட்டபோது யார் கனி பறிப்பர் என்று கேட்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்றதன் தருமகர்த்தாக்களாக இன்று நாம் இருக்கிறோம். வரும் கிராம சபைக் கூட்டத்துக்குச் செல்லும்போது, "நம் ஊர்ப் பொது நிலம் எத்தனை ஏக்கர்? அதன் நான்கு எல்லைகள் எவை?" என்று ஒவ்வொருவரும் கேட்போமாக. விடை கிடைக்காத ஊரில் அன்றைய தினமே அளக்கும் வேலைக்குத் தீர்மானம் நிறைவேறட்டும்.