513 படிகளின் கீழே தொலைந்த செருப்பு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் பினாங்கு வீதி கோவில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து தண்ணீர்மலை சேரும்வரை கைப்பேசியில் 4கே தரத்தில் படம்பிடித்து வைத்திருக்கிறாராம். வீட்டில் ஒரு கணினியில் எல்லாவற்றையும் போட்டு, கூடத்து டிவி, மகளின் ஐபேட், சிரம்பானில் அம்மா வைத்திருக்கும் பத்து வருடப் பழைய டிவி என எங்கிருந்தும் பார்க்கும்படி செய்ய ஆசை. கடைக்குப் போனால், நெற்றியில் 'ஏஐ' ஸ்டிக்கர், வயிற்றில் வண்ண விளக்கு என்று ஒரு பெட்டியைக் காட்டி, ஐயாயிரம் வெள்ளிக்குக் குறைந்து முடியாது என்கிறார்களாம். "சார், அவ்வளவு தேவையா?"

தேவையில்லை. கட்டுரையை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஏன் தேவையில்லை என்பதில்தான் சுவை இருக்கிறது.

சிக்கல் அம்மாவின் டிவியில் இருக்கிறது. கைப்பேசி எச்.265 முறையில் சுருக்கி எழுதுகிறது. அந்த டிவி எச்.264 மட்டுமே படித்த தலைமுறை. ஆகவே வீட்டுக் கணினி அந்தக் காணொளியை அவிழ்த்து, சிறிதாக்கி, டிவிக்குப் புரியும் முறையில் மறுபடி கட்டிக் கொடுக்க வேண்டும். அதுவும் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே. இதைத்தான் டிரான்ஸ்கோடிங் என்கிறார்கள். அவிழ்ப்பது சுலபம். கட்டுவதில்தான் கணினிக்கு மூச்சு வாங்கும்.

எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். ஒரு 4கே பிரேமில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 பிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 600 கோடி பிட். சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடமே 45 ஜிபி வரும். ஐபோன் அதே நிமிடத்தை எச்.265 முறையில் சுமார் 170 எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. 260 மடங்குக்கு மேல்! வேட்டியை எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் இவ்வளவு சுருங்காது. இங்கே வேறு தந்திரம் நடக்கிறது.

ரதம் நகர்கிறது. பின்னாலுள்ள கடைப் பலகைகள் நகரவில்லை. ரதமும் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் உருமாறிவிடவில்லை. சற்று இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. அப்படியிருக்க, அடுத்த பிரேமில் ரதத்தை மறுபடி முழுதாக எதற்கு வரைய வேண்டும்? "முன்பு இருந்த அதே துண்டு, ஏழு புள்ளி இடப்பக்கம், ஒரு புள்ளி மேலே" என்று எழுதினால் போதும். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் போன பிரேமில் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, அந்த நகர்வை மட்டும் குறித்துக்கொள்வதுதான் தந்திரம்.

கண்டுபிடிப்பது என்றேனே, அங்கேதான் வேலை. தண்ணீர்மலைப் படியடியில் செருப்பை விட்டுவிட்டு 513 படி ஏறித் தரிசனம் முடித்து இறங்கி வருகிறீர்கள். செருப்பு விட்ட இடத்தில் இருக்காது. ஆயிரம் கால்கள் அதைத் தள்ளியிருக்கும். ஆனால் கூலிம் வரை போயிருக்காது. பக்கத்தில்தான் எங்கோ கிடக்கும். விட்ட இடத்தைச் சுற்றிப் பதினாறு சாண் தூரத்துக்கு ஒவ்வொரு சாணாக நகர்ந்து, "இது என்னுடையதா?" என்று பார்ப்பது ஒரு வழி.

இந்த வழியைக் கணக்குப் போட்டுவிடுவோம். 16 × 16 புள்ளிக் கட்டம் ஒன்றை நான்கு திசையிலும் 16 புள்ளி வரை நகர்த்திப் பார்த்தால் 33 × 33, மொத்தம் 1,089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 புள்ளிகளைக் கழித்து, வித்தியாசங்களைக் கூட்ட வேண்டும். ஒரு கட்டத்துக்கே 2,78,784 கழித்தல். ஒரு 4கே பிரேமில் அப்படி 32,400 கட்டங்கள். ஆக பிரேமுக்கு 903 கோடி. நொடிக்கு 27,000 கோடிக்கு மேல். இது எளிய கணக்கு. எச்.265இல் கட்டத்தின் அளவு 64 × 64 வரை போகும், உள்ளுக்குள் பலவிதமாகப் பிளக்கும், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் கால் புள்ளி வரை நுணுகித் தேடவும் வேண்டும்.

அதனால் சுருக்கிகள் பெரும்பாலும் இப்படி முழுக்கத் தேடுவதில்லை. செருப்பு தேடித் தேறியவர்களும் அப்படித் தேடுவதில்லை. முதலில் நாலா பக்கமும் எட்டடி வைத்துப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் நம் செருப்பின் சாயல் தெரிகிறதோ அந்தப் பக்கம் அடியைக் குறுக்கிக்கொண்டு போவார்கள். இன்னும் கெட்டிக்காரர் பக்கத்தில் விட்ட மனைவியின் செருப்பை முதலில் பார்ப்பார். அது மூன்றடி இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் தன்னுடையதும் அந்தப் பக்கமே போயிருக்கும் என்று நேரே அங்கு போவார். சுருக்கியும் அச்சாக இதைத்தான் செய்கிறது: பக்கத்துக் கட்டங்களின் நகர்வைப் பார்த்து, இந்தக் கட்டத்தின் நகர்வை ஊகிக்கிறது. ஊகம் சரியாக இருந்தால் எழுத வேண்டியதே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கிடைத்த ஜோடியில் வார் மட்டும் அறுந்திருந்தால்? எடுத்துக்கொண்டு, "வார் மட்டும் வேறு" என்று குறித்துக்கொள்ளலாம். அந்த மிச்ச வித்தியாசத்தைத் தனியாகச் சுருக்கி அனுப்புவார்கள். இனி வரப்போகும் பிரேமைப் பார்த்தும் தேடலாம் என்று ஒரு வசதி உண்டு. நாளை கிடக்கப்போகும் செருப்பைப் பார்த்து இன்றைய செருப்பைத் தேடுவது அது. இதற்குமேல் இழுத்தால் உவமையின் வாரும் அறுந்துவிடும்.

அவிழ்ப்பது ஏன் சுலபம் என்பது இப்போது புரிந்திருக்கும். அவிழ்ப்பவர் கையில் சீட்டு இருக்கிறது: "மூன்றாம் வரிசை, இடப்பக்கம் நான்காவது." போய் எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். தேடியவர் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

தேடலே தோற்றுப்போகும் இடமும் உண்டு. தாத்தோ கிராமாட் சாலையில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சில்லுகள் ஆளுக்கொரு திசையில் சுழன்று பறக்கின்றன, தண்ணீர் தெறிக்கிறது. போன பிரேமில் எதற்கும் ஜோடி கிடையாது. சுருக்கி திணறும், ஒதுக்கிய பிட் தீர்ந்துபோய்த் தரை முழுதும் சதுரம் சதுரமாக உடையும். அங்கே படம் கெட்டால் கேமராவைத் திட்டாதீர்கள். தேங்காயும் காரணம்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. அந்த 'மிச்ச வித்தியாசத்தை'ச் சுருக்கப் பயன்படும் கொசைன் உருமாற்றத்தை பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது 1972இல் யோசித்தார். ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கேட்டபோது, மிகவும் எளிய யோசனை என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரையின் வழியில்தான் இன்றுவரை நம் படங்கள் சுருங்குகின்றன. அதே 1972இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நம் பாயான் லெப்பாஸில் திறந்தது. மூன்றே வருடத்தில் அது தீயில் எரிந்து, பிறகு மீண்டும் எழுந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பழைய இண்டெல் சில்லு ஒன்றைக் கழற்றி மேல்தகட்டின் பசையைத் துடைத்தால் பல சமயம் 'மலாய்' என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். நம் நாட்டில் பொருத்திச் சோதித்தது என்று பொருள்.

சில்லு என்றதும் வாங்கும் கதைக்கு வருவோம். இந்தத் தேடலைப் பொதுவேலை செய்யும் செயலியிடம் கொடுத்தால் முடிக்கும். ஆனால் வியர்த்து விறுவிறுத்து. 2011 ஜனவரியில் இண்டெல் தன் சில்லின் ஓர் ஓரத்தில் செருப்பு தேடுவதற்கென்றே ஒரு சிறு பகுதியை வைத்தது. 'குவிக் சிங்க்' என்று பெயர். அதற்கு வேறு எதுவும் தெரியாது. தேங்காய்த் துருவியை வைத்துக் கறி வெட்ட முடியாது, ஆனால் தேங்காயில் அதை மிஞ்ச ஆளில்லை என்பது போல. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் கோர் எண்ணிக்கைக்கும் கிகாஹெர்ட்ஸுக்கும் இந்த மூலைக்கும் சம்பந்தமில்லை. ஏஐ ஸ்டிக்கருக்கும்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் 'வேகமான செயலி' என்று சொன்னதை நம்பி மலிவாக ஒரு கணினி வாங்கினேன். பெயரின் கடைசியில் ஓர் 'எஃப்' இருந்ததைக் கவனிக்கவில்லை. இண்டெலின் 'எஃப்' சில்லுகளில் கிராஃபிக்ஸ் பகுதியே வேலை செய்யாது. அதோடு தேடும் மூலையும் போயிற்று. ஒரே ஒரு 4கே படத்தை மாற்ற ஆறு கோரும் நூறு சதவீதம் ஓடின. காற்றாடிச் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை. படமும் பத்து நொடிக்கு ஒருமுறை நின்று யோசித்தது.

வாசகருக்கு என் பரிந்துரை: 2023 ஜனவரியில் வந்த இண்டெலின் 'என்100' சில்லு போட்ட, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பெட்டி. நான்கே கோர், 6 வாட் ரகம். கடைக்காரர் இதைப் பெருமையாகக் காட்ட மாட்டார். ஆனால் எச்.265, ஏவி1 என்ற இன்னொரு சுருக்கும் முறை இரண்டையும் அவிழ்க்கும். ஒன்றிரண்டு 4கே படத்தை ஓடும்போதே மாற்றித் தரும். அலுவலகங்கள் கழித்துவிடும் எட்டாம் தலைமுறை இண்டெல் குட்டிக் கணினி கிடைத்தாலும் சரி. ஏவி1 மட்டும் அதற்குத் தெரியாது. ஏழாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம், பத்து பிட் எச்.265இல் தடுக்கும். ராஸ்பெரி பை 5 வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதில் எச்.265 அவிழ்க்கும் வன்பொருள் உண்டு, கட்டும் வன்பொருள் இல்லை. முந்தைய பை 4இல் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கணினி இரவும் பகலும் ஓடப்போகிறது. 10 வாட் இழுத்தால் வருடத்துக்கு 88 யூனிட். 80 வாட் என்றால் 700. நம் ஊர் வெக்கையில் அந்த மிச்சச் சூடு அறைக்குள்தான் சுற்றும். அதை வெளியேற்ற ஏர்கானுக்கும் அழ வேண்டும். படங்களைத் திரைகளுக்குப் பரிமாறும் மென்பொருள்களில் பிளெக்ஸ், சில்லின் அந்தத் தேடும் மூலையைத் தட்டி எழுப்பச் சந்தா கேட்கும். ஜெல்லிஃபின் கேட்காது.

மூலைக்காரனின் குறை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் கடைக்காரராகிவிடுவேன். அவன் அவசரக்காரன். செயலி பொறுமையாக உட்கார்ந்து தேடினால் அதே தரத்தில் கோப்பு இன்னும் சிறிதாக வரும். வருடக்கணக்கில் பத்திரப்படுத்தும் பிரதியை மெதுவாகவே சுருக்குங்கள். அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கும் படத்துக்கு அவசரக்காரன் போதும்.

எந்திரம் வந்ததும், படம் ஓடும்போது பரிமாறும் மென்பொருளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'நேரடி' என்றிருந்தால் மாற்றமே நடக்கவில்லை, நல்லது. 'மாற்றம்' என்றிருந்தால் காரணத்தையும் பாருங்கள். பல சமயம் வசனவரிதான் குற்றவாளி. புளூரே தட்டிலிருந்து வந்த வசனவரி எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அதைக் காட்சியின் மேல் ஒட்ட முழுப் படத்தையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். எழுத்துக் கோப்பாகக் கொடுத்தால் பெரும்பாலும் தொல்லை விடும். இன்னொரு வேடிக்கை, விலை உயர்ந்த பல 4கே டிவிகளிலும் கம்பி இணைப்புத் துளை 100 எம்பிபிஎஸ்தான்; 4கே புளூரே பிரதியின் உச்ச வேகம் அதைத் தாண்டும். அங்கே வைஃபையே மேல்.

சிரம்பான் அம்மாவுக்கு மட்டும் மாற்றம் தேவைப்படும். அதற்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. எச்.265 தெரிந்த சிறு டிவி பெட்டி ஒன்றை வாங்கி அவர் டிவியின் எச்டிஎம்ஐ துளையில் மாட்டிவிட்டால், செருப்பு தேடும் வேலையே பெரும்பாலும் மிஞ்சாது. பட்டர்வொர்த் வீட்டு இணையம் மேலே அனுப்பும் வேகம் மட்டும் 30 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கணினி வாங்கும் முன் அதைச் சோதித்துப் பாருங்கள், ஐயா.