டிப்ளோமாவில் படித்தது பட்டப்படிப்பில் சேருமா?
தோட்டக்கலை படிக்க விரும்புவோர் அறிய வேண்டிய கிரெடிட் கணக்கு

"பையன் ஏழு கிரெடிட் எடுத்திருக்கிறான்" என்று ஜொகூர் பாருவில் ஒரு பெற்றோர் சொன்னால், அது எஸ்.பி.எம். தேர்வைப் பற்றிய பேச்சு. அங்கே கிரெடிட் என்பது 'சி' அல்லது அதற்கு மேற்பட்ட தேர்ச்சி. பல்கலைக்கழகத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு பாடத்திற்கு மாணவர் செலவிடும் உழைப்பின் அளவே அங்கு கிரெடிட். மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரம். விரிவுரை, செய்முறை, சொந்தமாகப் படிப்பது, தேர்வு எல்லாம் இதில் அடங்கும். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும்.

இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும், "90 முடித்தாயிற்று, இன்னும் 30 தானே" என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிள்ளைகள் ஏமாறும் இடம் இதுதான்.

தோட்டமா, தோட்டக்கலையா?

தோட்டக்கலை என்றதும், "தோட்டத்தை விட்டு வந்தோம், மறுபடியும் தோட்டமா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. ரப்பர், செம்பனை போன்றவை பெருந்தோட்டப் பயிர்கள். பழம், காய்கறி, பூ, அழகுச் செடி ஆகியவற்றை வளர்ப்பதும், அறுவடைக்குப் பின் கெடாமல் காப்பதுமே தோட்டக்கலை. ஜொகூருக்கு இது அந்நியமான துறை அல்ல. பொந்தியான் வட்டாரம் அன்னாசிக்குப் பெயர் பெற்றது. மலேசிய அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகமும் ஜொகூர் பாருவில்தான் இருக்கிறது.

ஆனால் பட்டப்படிப்புக்கு வெளியூர் செல்ல வேண்டியிருக்கும். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பொறியியலுக்குப் பெயர் பெற்றது. தோட்டக்கலை அறிவியல் பட்டத்தை வழங்குவது செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகம். 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997இல் இன்றைய பெயரைப் பெற்ற நிலையம் அது. டிப்ளோமா முடித்து அங்கு செல்ல விரும்பும் மாணவருக்கு கிரெடிட் மாற்றம் பெரிய விஷயம்.

எது மாறும், எது மாறாது?

கிரெடிட் மாற்றத்தில் மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாடமாக எடுத்துப் பார்க்கிறார்கள். எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் வழிகாட்டுதல்படி, அந்தப் பாடத்தில் குறைந்தது 'சி' பெற்றிருக்க வேண்டும். பாடத்தின் உள்ளடக்கமும் குறைந்தது 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். கீழ்நிலையிலிருந்து மேல்நிலைப் படிப்புக்கு மாற்றும் கிரெடிட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. இறுதி முடிவு சேரும் பல்கலைக்கழகத்துடையது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பட்டம் பெற மொத்த கிரெடிட் இருந்தால் மட்டும் போதாது. பொதுப் பாடம், முதன்மைப் பாடம், விருப்பப் பாடம், தொழிற்பயிற்சி என ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக நிறைவேற வேண்டும். விருப்பப் பாடப் பிரிவில் மட்டும் பத்து கிரெடிட் கூடுதலாக இருந்தாலும், முதன்மைப் பாடத்தில் ஒன்று குறைந்தால் பட்டம் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டிப்ளோமாவில் 'மண்ணும் உரமும்' என்ற பாடத்தை ஒரு மாணவர் படித்திருக்கிறார். பட்டப்படிப்பில் உள்ள மண்ணியல் பாடம் வேதியியல் அடிப்படையைக் கேட்கிறது. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், ஆழம் வேறு. பல்கலைக்கழகம் மறுத்தால், முதலில் வேதியியல், பிறகு மண்ணியல், அதன் பிறகே பயிர் ஊட்டம் என்று வரிசையாக எடுக்க வேண்டும். ஒரு பாடம் ஆண்டுக்கு ஒரே பருவத்தில் மட்டும் நடந்தால், இடையில் விட்ட ஒன்று ஓராண்டையே விழுங்கிவிடும். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் பிள்ளைக்கு அது கூடுதல் கட்டணம், கூடுதல் வாடகை, தள்ளிப்போகும் சம்பளம்.

தமிழ்நாட்டில் படித்தால்?

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நான்காண்டுத் தோட்டக்கலைப் பட்டம் வழங்குகிறது. அங்கே ஒரு பாடத்தின் கிரெடிட்டை '2+1' என்று எழுதுவார்கள். கோட்பாட்டுக்கு இரண்டு, செய்முறைக்கு ஒன்று என்று அர்த்தம். அது வகுப்பு நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. நம் நாட்டுக் கணக்கில் சொந்தமாகப் படிக்கும் நேரமும் சேர்கிறது. இரண்டிலும் எண் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றல்ல. பாதியில் திரும்பி வந்து இங்கே தொடரலாம் என்ற நம்பிக்கையில் புறப்படக் கூடாது. அந்தப் பட்டம் இங்கே அரசு வேலைக்கு ஏற்கப்படுமா என்பதையும் பொதுச் சேவைத் துறையிடமும் எம்.கியூ.ஏ.விடமும் முன்னதாகவே கேட்டறிவது நல்லது.

செய்ய வேண்டியவை

டிப்ளோமாவில் சேரும்போதே, அது எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் விவரத் தாளையும், அதாவது வாரவாரியான தலைப்புகள், கிரெடிட், செய்முறை நேரம் அடங்கிய தாளை, பத்திரப்படுத்த வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் இருந்தால் 80 விழுக்காட்டு ஒப்புமையைக் காட்ட முடியாது.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தெந்தப் பாடம் ஏற்கப்பட்டது? அது எந்தப் பிரிவில் வைக்கப்பட்டது? பதிலை எழுத்தில் பெற வேண்டும். முகப்பில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன "எல்லாம் சரியாகிவிடும்" என்பது பட்டமளிப்பு நேரத்தில் செல்லாது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் உண்டு. பெரும்பாலும் முதல் பருவத்தின் தொடக்கத்திலேயே அது முடிந்துவிடும்.

பிள்ளை கல்லூரிக்குப் போகிறான் என்பதோடு பெற்றோரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பருவ முடிவிலும், "எத்தனை ஏ?" என்று கேட்பதோடு, "எந்தப் பிரிவில் இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி?" என்றும் கேட்டால், கடைசி ஆண்டில் வரும் கண்ணீரைத் தவிர்க்கலாம்.